பூசணிப் பூவுக்குள் கத்தரி

“நேற்றுக் கதவையும் கழற்றிக் கொடுத்துவிட்டீர்கள், சாமி. ராத்திரி ஒரு நாய் உள்ளே வந்து என் தலைமாட்டில் படுத்திருந்தது.”

“கடித்ததா?”

“குறட்டை விட்டது.”

“அப்படியானால் நல்ல நாய்” என்றார் சாமி. அவர் கூரை ஓடுகளை இறக்கிக்கொண்டிருந்தார்.

சௌந்தரவல்லிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கல்லூரியில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். இருந்த வீட்டைத் தம்பி மகளுக்குக் கொடுத்துவிட்டு, சாவதென்றால் இந்தக் குன்றின் மேல்தான் என்று வந்தவள். குருவான சாமி தன்னைவிட இளையவர் என்பதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள்.

அவரோ ஆசிரமத்தைப் பிரித்துப் பிரித்துத் தள்ளுவண்டியில் அடிவாரத்துக்குக் கொண்டுபோனார். அண்டா சத்துணவுக் கூடத்துக்கு. புத்தகங்கள் நூலகத்துக்கு. கதவு பெண்கள் பள்ளிக்கு.

அந்தப் பள்ளியில் அறிவியல் சொல்லித்தர ஆளில்லை. தலைமையாசிரியை மூச்சு வாங்க மேலே ஏறி வந்து கேட்டுப் பார்த்தாள். “நான் படித்ததெல்லாம் போதும், இனி எனக்கு ஞானம்தான் வேண்டும்” என்று சௌந்தரவல்லி அனுப்பிவிட்டாள்.

“எதற்காக இப்படி அழிக்கிறீர்கள்? யார் உங்களை என்ன செய்தார்கள்?”

சாமி கையிலிருந்த ஓட்டைக் கீழே வைத்தார். வேலியோரம் போய் ஒரு பூசணிப் பூவைக் காட்டினார். காலையில் விரிந்தது, உச்சி வெயிலுக்குள் சுருண்டு தொங்கியது. அதன் பின்னால் எலுமிச்சை அளவில் பிஞ்சு.

“இதை யார் கொன்றது, பேராசிரியரம்மா?”

“ஆயுளில் பாதி இதைத்தானே படித்தேன்! என்னிடமே கேட்கிறீர்களா?”

“வேறு யாரிடம் கேட்பேன்? நாயிடமா?”

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். “யாரும் கொல்லவில்லை. பூ தானே செய்துகொள்கிறது. புரதத்தை வெட்டும் நொதிகளைத் தனக்குள்ளேயே உண்டாக்குகிறது. கத்தரி மாதிரி. வெட்டிய துண்டுகள் காம்பு வழியாகக் கொடிக்கும் பிஞ்சுக்கும் போய்விடும்.”

“நிறுத்த முடியாதா?”

“நிறுத்தியிருக்கிறேன். இதழைப் பிய்த்து மருந்தில் போட்டால் கத்தரி உண்டாகாது. இதழ் வாடாமல் அப்படியே கிடக்கும்.”

“காய்?”

“கண்ணாடிக் கிண்ணத்தில் கிடக்கிற இதழுக்கு ஏது காய்?” என்று எரிந்து விழுந்தாள்.

சாமி தலையாட்டினார். “எல்லாம் ஒன்றாகவா சாகும்?”

“அது எப்படி? மெத்தென்று இருக்கிற செல்கள் முதலில். நரம்பு கடைசியில். நரம்பு முன்னால் போனால் மற்றதெல்லாம் எந்த வழியாக வெளியேறும்? முதலாண்டுப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியுமே இது!”

“நான் முதலாண்டு படிக்கவில்லை” என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

கோபம் அடங்காமல் பூவைத் தொட்டாள். இதழ் ஈரத் துணியாய் விரலில் ஒட்டியது. நரம்புகளில் மட்டும் இன்னும் கொஞ்சம் விறைப்பு.

தள்ளுவண்டி கிறீச்சிட்டது. ஓடு ஏற்றியிருப்பார் என்று திரும்பினாள்.

வண்டியில் அவளுடைய பெட்டி இருந்தது. அதன் மேல் சுருட்டிய பாய்.

“இது என்ன அநியாயம்? இங்கே சாக வந்தவள் நான்!”

“பள்ளியில் மத்தியான வகுப்புக்கு மணி அடிப்பதற்குள் இறங்கிவிடலாம்.”

அவள் வண்டியை மறித்து நின்றாள். அவருக்குப் பின்னால் கதவில்லாத வாசல் தெரிந்தது. பாதிக் கூரை தெரிந்தது.

“அப்புறம் நீங்கள்?” என்றாள். குரல் இறங்கியிருந்தது.

சாமி குனிந்து கைப்பிடியைப் பற்றினார்.

“இன்னும் ஓடு பாக்கி இருக்கிறதே.”