உதிர்ந்த முள்

முன்னொரு காலத்திலே, மழை வழிதவறிப் போன ஒரு வருடத்திலே, ஒரு காட்டில் ஒரு முள்ளம்பன்றி கிழங்கு விற்றுப் பிழைத்து வந்தது.

அந்த வருடம் புல் கருகிவிட்டது, பிள்ளைகளே. மரங்களில் இலை இல்லை. மண்ணுக்கு அடியில் ஒரு காட்டுக்கிழங்கு மட்டும்தான் மிச்சம். அதுவும் பொல்லாத கிழங்கு. தோண்டிய கையோடு தின்றால் வயிற்றை முறுக்கும். குட்டிகள் தின்றால் உயிரே போய்விடும். துண்டு துண்டாக்கி, ஓடையில் மிஞ்சிய தண்ணீரில் நாள்கணக்கில் ஊறப்போட்டு, கசப்பெல்லாம் போன பிறகுதான் வாயில் வைக்கலாம்.

அந்தப் பொறுமை முள்ளம்பன்றிக்கு மட்டும்தான் இருந்தது. ஊறிய கிழங்கை முதலில் தானே ஒரு துண்டு தின்று பார்க்கும். மறுநாள் எழுந்து நடக்க முடிந்தால், மிச்சத்தை உதிர்ந்த தேக்கிலையில் பொதிந்து, கொடியால் கட்டி, தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கி அதன்மேல் குத்தும். கறுப்பும் வெளுப்புமான அந்த முள்ளைப் பார்த்துவிட்டால் போதும். யாரும் மோந்துகூடப் பார்க்காமல் வாங்கிப் போவார்கள்.

முள்ளம்பன்றியிடம் ஒரு குறை. யாரையும் எதிர்த்துப் பேசாது. "உடம்பெல்லாம் முள், வாயில்தான் ஒன்றும் இல்லை" என்பாள் அதன் மனைவி.

முள்ளம்பன்றி நடந்தால் முள் உதிரும். மனைவி பின்னாலேயே பொறுக்கிக்கொண்டு வருவாள். "வழியெல்லாம் நம் அடையாளத்தைக் கொட்டிக்கொண்டு போகிறீர்களே. குனிந்து எடுத்தால் என்ன?"

"உதிர்ந்த முள்தானே. போனால் போகட்டும்."

அவள் கண்ணுக்குத் தப்பியதையெல்லாம் ஒரு நரி சேர்த்து வைத்தது. அது கிழங்கைத் தோண்டியது, ஊறவைக்கவில்லை. கசப்பு தெரியாதிருக்க, பதுக்கி வைத்திருந்த இனிப்பான இலுப்பைப்பூவைப் பிழிந்து தடவியது. தேக்கிலையில் கட்டியது. மேலே ஒரு முள்ளைக் குத்தியது.

நாவல் மரத்தடியில்தான் காட்டுச் சந்தை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தன் அடையாளத்தைப் பிறர் சரக்கில் பார்த்தால், பார்த்த அன்றே நடுவில் உள்ள பாறையில் ஏறி, "அது என்னுடையது, நான் கொடுக்கவில்லை" என்று உரக்கச் சொல்ல வேண்டும். உடையவன்தான் ஏற வேண்டும். ஏறாவிட்டால், அவனே கொடுத்தான் என்று சந்தை எடுத்துக்கொள்ளும்.

முள்ளம்பன்றி நரியின் கடை முன்னால் நின்றது.

"என்ன அண்ணே, அப்படிப் பார்க்கிறீர்கள்?" என்றது நரி.

"அது... என் முள் அல்லவா தம்பி?"

"உங்களுடையதுதான். யார் இல்லை என்றது? வழியில் கிடந்தது, எடுத்தேன். உங்கள் பெயர் இன்னும் நாலு பேர் வாயில் அடிபடட்டுமே. பிடிக்கவில்லை என்றால் சொல்லுங்கள். எல்லார் முன்னாலும் இப்போதே பிடுங்கிப் போடுகிறேன்."

சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முள்ளம்பன்றிக்குக் கூச்சமாகிவிட்டது. "இருக்கட்டும் தம்பி, இருக்கட்டும்."

மனைவி அதன் காதருகே வந்தாள். "பாறை அதோ இருக்கிறது. ஏறுங்கள்."

"ஒரு முள்ளுக்காகவா? அற்பன் என்பார்கள்."

"அது முள்ளா? நீங்கள் தின்று பார்த்துவிட்டுத் தூங்கும் ஒவ்வொரு இரவும் நான் விழித்துக் கிடக்கிறேனே, அதுதான் அங்கே குத்தியிருக்கிறது."

முள்ளம்பன்றி தலையைக் குனிந்துகொண்டு நடந்தது. அடுத்த சந்தையில் நரியின் கடை முழுக்க முள். அன்றும் அது பாறை ஏறவில்லை.

அன்று நரியின் கடைக்கு ஒரு தாய் முயல் வந்தது. வீட்டில் மூன்று குட்டிகள் பசியோடு கிடந்தன.

"இது முள்ளம்பன்றி அண்ணன் சரக்குதானே?"

"ஏனம்மா, கண் தெரியவில்லையா? முள்ளைப் பார்" என்றது நரி.

முயல் பார்த்தது. வாங்கியது. தான் தின்னாமல் குட்டிகளுக்கே ஊட்டியது. விடிந்தபோது இரண்டு குட்டிகள் எழுந்திருக்கவில்லை.

தேக்கிலையையும் முள்ளையும் கவ்விக்கொண்டு வந்து, சந்தைத் தலைவரான காட்டெருமையின் காலடியில் வைத்தது முயல். அது அழவில்லை. காடே கூடியது.

இப்போது முள்ளம்பன்றி பாறையில் ஏறியது. "அந்தக் கிழங்கு என்னுடையதல்ல. நரி என் முள்ளைத் திருடிக் குத்தியது."

நரி அமைதியாகக் கேட்டது: "திருடியது என்றால், அன்றைக்கே பார்த்தீர்களே அண்ணே. என்ன சொன்னீர்கள்?"

நரி காட்டெருமையின் பக்கம் திரும்பியது.

"'இருக்கட்டும் தம்பி' என்றார். கேட்டவர்கள் இங்கேயே நிற்கிறார்கள். அவர் கொடுத்த சரக்கை விற்றேன், ஐயா. இல்லாவிட்டால் உடையவன் சும்மா போவானா?"

காட்டெருமை அந்த முள்ளையும் முள்ளம்பன்றியின் முதுகையும் மாறிமாறிப் பார்த்தது. "முள் உன் முதுகில் முளைத்ததுதானே?"

"ஆமாம் ஐயா."

"பாறை அன்றைக்கும் இங்கேதான் இருந்தது?"

"...ஆமாம் ஐயா."

"யார் பொய் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. செத்த குட்டிகள் வந்து சொல்லப்போவதில்லை. இனிமேல் முள் குத்திய எதையும் இந்தச் சந்தையில் யாரும் வாங்கக்கூடாது." காட்டெருமை திரும்பி நடந்தது.

கூட்டம் கலைந்தது. நரியின் கண் தரையில் கிடந்த ஒரு மயிலிறகின்மேல் போனது. மயில் சட்டென்று அதன்மேல் காலை வைத்தது. "இது என்னுடையது. எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கள்." இறகைக் கவ்விக்கொண்டு பறந்தது. நரி ஒன்றும் தெரியாததுபோல் மெல்ல நழுவியது.

முயல் மட்டும் நின்றது. முள்ளம்பன்றி நன்றாக ஊறிய ஒரு பொட்டலத்தை எடுத்து, மேலே இருந்த முள்ளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அதன்முன் வைத்தது.

"மிச்சம் இருக்கிற குட்டிக்காவது கொண்டுபோ அம்மா. நானே தின்று பார்த்தது."

முயல் முள் இல்லாத அந்தப் பொட்டலத்தைப் பார்த்தது. அதன் வயிறு ஒட்டிப் போயிருந்தது.

"முள் இருந்ததை நம்பித்தான் இரண்டைப் புதைத்தேன், அண்ணா. முள்ளே இல்லாததை எதை நம்பிக் கொடுப்பேன்?"

பொட்டலத்தை அங்கேயே விட்டுவிட்டு, பசித்த குட்டியிடம் வெறும் வாயோடு நடந்து போனது.

நீதி: தன் அடையாளத்தைப் பிறர் எடுக்கும்போது வாய்மூடி நிற்பவன், அவர் செய்த தீங்குக்கும் சேர்த்தே அடையாளமாகிறான்.