மூணு விசில் சோறு

புளியங்குடியிலிருந்து மூணு பேர் ஜெர்மனிக்கு மேல்படிப்பு படிக்க வந்து சேர்ந்தாங்க. மூணு பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்தது வாஸ்தவம்தான். அதை யார் பெட்டியில வச்சோம்கிற குழப்பத்துல விமான நிலையத்துலயே விட்டுட்டு வந்துட்டாங்கன்னு நான் நினைக்கிறேன்.

பேரைச் சொல்லிடறேன். இசக்கிராஜ், கோமதிநாயகம், அந்தோணிசெல்வம். மூணும் இன்ஜினியர்கள். நான் அவங்களுக்கு ரெண்டு வருஷம் முன்னாடியே இந்த ஊருக்குப் படிக்க வந்தவள். எங்க அத்தை வீட்டுக்கு அடுத்த தெருப் பிள்ளைகளாச்சேன்னு ஒரு வீடு பிடிச்சுக் கொடுத்தேன். புத்தி கெட்டுப்போய் செஞ்ச காரியம்னு வச்சுக்கோங்க.

வீட்டுக்காரம்மா பேர் ரோஸ்விதா. வயசு அறுபத்திரெண்டு. மாடியில அவங்க, கீழ்வீட்டுல இவங்க. ஞாயிற்றுக்கிழமையானா எதிர்த்த மைதானத்துல சின்னப் பிள்ளைகளோட கால்பந்து ஆட்டத்துக்கு ரோஸ்விதா அம்மாதான் நடுவர். கழுத்துல விசில், சட்டைப் பையில ஒரு மஞ்சள் அட்டை, ஒரு சிவப்பு அட்டை. ஆட்டம் இல்லாத நாள்லயும் அது மூணும் அவங்களோடயே இருக்கும்.

முதல் நாளே கறாரா சொல்லிட்டாங்க. “அஞ்சு வாரம் பார்ப்பேன். ஒழுங்கா இருந்தா, இந்த வீட்டுல குடியிருக்காங்கன்னு கையெழுத்துப் போட்டுத் தருவேன். இல்லேன்னா கிளம்ப வேண்டியதுதான்.”

அந்தக் கையெழுத்து இல்லேன்னா விசா நீளாது. விசா நீளலேன்னா மூணு பேரும் புளியங்குடிக்கு வண்டி ஏறணும். மத்த ரெண்டு பேராவது போய்த் தொலைவாங்க. கோமதிநாயகத்தால முடியாது. அவன் அப்பா பஸ் ஸ்டாண்டுல இருபதடி நீளத்துக்கு ஃப்ளெக்ஸ் வச்சிருக்கார். ‘ஜெர்மனியைக் கலக்கப் புறப்பட்ட எங்கள் குலக்கொழுந்தே!’ கோட்டு சூட்டுல அவன் படம், பின்னாடி ஈஃபில் கோபுரம். அது பாரிஸ்ல இருக்குன்னு அங்க யாரும் சொல்லலை.

“யக்கா, பேனர் சாயம்கூட இன்னும் வெளுக்கலை. அதுக்குள்ள நான் போய் அதுக்குக் கீழயே பஸ்ஸை விட்டு இறங்கினா எங்கப்பா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வைப்பாரு?” என்று என்னிடம் கண் கலங்கினான். எனக்கே பாவமாப் போச்சு.

அதனால ரோஸ்விதா அம்மா கொடுத்த பதினேழு விதிகளையும் தமிழ்ல எழுதி, ஃப்ரிட்ஜ் கதவுல ஒட்டி, ஒரு புத்திமதியும் சொன்னேன். “இதுல எழுதியிருக்கிறதை அப்படியே செய்யுங்க. உங்க சொந்த யோசனை ஒண்ணும் வேண்டாம்.”

நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்.

இரண்டாம் விதி: தினமும் காலையில் பத்து நிமிஷம் ஜன்னல்களைத் திறந்து வீட்டுக்குள் இருக்கும் பழைய காற்றை முழுவதும் வெளியேற்ற வேண்டும்.

மறுநாள் காலையில ஜன்னலைத் திறந்தாங்க. அந்தோணிசெல்வத்துக்குச் சந்தேகம் வந்துட்டு.

“லே, ‘முழுவதும்’னு போட்டிருக்கு. பழைய காத்து வீட்டுக்குள்ள மட்டுமா இருக்கு? நம்ம நெஞ்சுக்குள்ளயும் இருக்குல்லா?”

“ஆமால, ராத்திரி பூரா இந்த வீட்டுக் காத்தைத்தான இழுத்திருக்கோம்,” என்றான் இசக்கிராஜ்.

“அப்பம் அதையும் வெளியிலதான் கொண்டு விடணும்,” என்று கோமதிநாயகம் தீர்ப்புச் சொன்னான்.

லுங்கிச் சாரம், ஸ்வெட்டர், குரங்குக் குல்லாவோட மூணு பேரும் தெருவுல வரிசையா நின்னு பத்து நிமிஷம் ஃபூ ஃபூன்னு ஊதினாங்க. குளிரு மைனஸ் ரெண்டு. நாய் கூட்டிட்டுப் போன ஒருத்தர் எதிர்ச்சாரிக்கு மாறிட்டார். மாடியிலிருந்து பார்த்த ரோஸ்விதா அம்மா இறங்கி வந்து விசாரிச்சாங்க. இவங்க விளக்கினாங்க.

அந்தம்மா கொஞ்ச நேரம் யோசிச்சிட்டு, “முப்பது வருஷமா வாடகைக்கு விடறேன். ஒருத்தர்கூட இவ்வளவு முழுமையா காத்தை மாத்தினதில்லை,” என்றாங்க. மறுநாள் அவங்களும் வரிசையில நாலாவது ஆளா நின்னு ஊதினாங்க.

அப்பவே நான் உஷாராகியிருக்கணும். ஆகலை.

முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஃப்ரிட்ஜ் கதவுல விதித்தாளுக்குப் பக்கத்துல இன்னொரு தாளும் இருந்தது. இசக்கிராஜோட அம்மா கைப்பட எழுதிக் கொடுத்தது. ‘ஒரு டம்ளர் அரிசிக்கு ரெண்டரை டம்ளர் தண்ணி. மூணு விசில் வந்ததும் அடுப்பை அணைச்சிரு. அதுவரைக்கும் தொடாத.’

குக்கர் முதல் விசில் அடிச்சதும் மூணு பேரும் கை தட்டினாங்க. ரெண்டாவது விசிலுக்கு மாடியில நாற்காலி நகர்ந்தது. மூணாவது விசிலுக்குக் கதவு தட்டுற சத்தம். ரோஸ்விதா அம்மா நிக்கிறாங்க, கையில மஞ்சள் அட்டை.

“பதினோராம் விதி. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வரக் கூடாது. அடுத்த தடவை சிவப்பு.”

கதவைச் சாத்தினதும் கோமதிநாயகத்துக்குக் கண்ணு முன்னாடி அந்த இருபதடி பேனர் வந்து நின்னுது. “போச்சு. எல்லாம் போச்சு,” என்று தரையில உட்கார்ந்துட்டான்.

அன்னிக்கு நடந்த ஆலோசனைக் கூட்டத்தை அப்படியே சொல்றேன். எனக்கு அதை ஒண்ணும் கூட்டியோ குறைச்சோ சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

“ஞாயித்துக்கிழமை சோறு வைக்காண்டாம். பிரெட்டைத் தின்போம்,” என்றான் அந்தோணிசெல்வம்.

“வாரத்துல ஆறு நாளும் அதைத்தானல திங்கோம்! நாக்கு செத்துப்போச்சு.”

“அப்பம் குக்கர் தலையில இருக்க குண்டை எடுத்திருவோம். விசிலே வராது.”

“விசில் வரலைன்னா எப்பம் அணைக்க? அம்மா மூணு விசில்னுல்லா சொல்லியிருக்கா.”

எல்லாரும் மோட்டுவளையைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. அப்போ எதிர் மைதானத்திலிருந்து ‘பீ...ங்’ன்னு ஒரு சத்தம். ஆட்டம் தொடங்கிட்டு.

இசக்கிராஜ் மெதுவா எழுந்து அம்மா எழுதின தாளை மறுபடி படிச்சான். அப்புறம் திரும்பினான். “மூணு விசில் வந்ததும்னுதான் எழுதியிருக்கா. குக்கர்லேருந்துதான் வரணும்னு எங்க அம்மா எங்கயும் எழுதலை.”

மத்த ரெண்டு பேரும் அவனைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. படிச்ச படிப்பு வீண் போகலை பாருங்க.

ரெண்டாவது ஞாயிறு குண்டை எடுத்துட்டுக் குக்கரை ஏத்தினாங்க. ஒருத்தன் ஜன்னல்ல காதை வச்சான், ஒருத்தன் விரல்ல எண்ணினான், ஒருத்தன் அடுப்புப் பக்கத்துல தயாரா நின்னான். அன்னிக்கு மைதானத்துல பிள்ளைகள் ஒரே தள்ளுமுள்ளு. நாலு நிமிஷத்துல மூணு விசில் பறந்தது. அணைச்சாங்க. அரிசி பல்லுல கல்லு மாதிரி கடிபட்டது. “இந்த ஊர் அரிசி இப்படித்தான் போல,” என்று சாப்பிட்டு முடிச்சாங்க.

மூணாவது ஞாயிறு பிள்ளைகள் ரொம்ப சமத்து. மூணாவது விசில் வர இருபது நிமிஷம் ஆச்சு. சோறு மல்லிகைப்பூவா இருந்தது. “பாத்தியால, நம்ம கணக்கு சரிதான்!” என்று மூணு பேரும் புளியங்குடிக்கு வீடியோ கால் போட்டு இசக்கிராஜோட அம்மாவுக்குச் சோத்தைக் காட்டினாங்க.

நாலாவது ஞாயிறு பனி கொட்டி மைதானம் மூடிப் போச்சு. ஆட்டம் கிடையாது.

இவங்க குக்கரை ஏத்திட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாங்க. அரை மணி ஆச்சு. முக்கால் மணி ஆச்சு. தண்ணி வத்திப் போய் அடி பிடிக்க ஆரம்பிச்சது.

“லே, கருகுற வாடை வருது.”

“வாடை வந்தா அணைக்கணும்னு தாள்ல இருக்கா?”

“இல்லை.”

“அப்பம் தொடாத.”

புகை எழும்பி, கூரையில இருந்த எச்சரிக்கை மணி ஊரையே கூப்பிட்டு, தீயணைப்பு வண்டி வந்து நின்னுது. தலைக்கவசம் போட்ட நாலு பேர் உள்ள புகுந்து ஒரு அடுப்பை அணைச்சாங்க. எனக்குப் போன் வந்து நான் ஓடிப் போறப்போ ரோஸ்விதா அம்மா வாசல்ல நின்னாங்க. முகம் சிவந்திருந்தது. கை சட்டைப் பைக்குப் போயிடுச்சு. சிவப்பு அட்டையோட முனை வெளியில தெரியுது. கோமதிநாயகம் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு விம்மினான்.

“ஏன் அடுப்பை அணைக்கலை?” என்று கேட்டாங்க.

“நீங்கதான் ஊதலியே!” என்றான் இசக்கிராஜ். குரல்ல உண்மையான வருத்தம். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ஊதுவிய. இன்னைக்கு ஊதலை. ஏன் ஊதலைன்னு நாங்கதான் உங்களைக் கேக்கணும்.”

இசக்கிராஜோட அம்மா எழுதின தாளைக் கொண்டுவந்து காட்டினாங்க. விவரம் சொன்னாங்க. நான் கண்ணை இறுக மூடிக்கிட்டேன். முடிஞ்சது கதைன்னு நினைச்சேன்.

ரோஸ்விதா அம்மா தாளை மேலயும் கீழயும் பார்த்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் பெருமூச்சு விட்டு, “ஆட்டம் ரத்துன்னு நான் ஒரு அறிவிப்பு ஒட்டியிருக்கணும். அது என் தப்பு,” என்றாங்க. சிவப்பு அட்டை உள்ள போயிடுச்சு.

“ஆனா இதுதான் கடைசி. அடுத்த ஞாயிறு மதியம் நானே சாப்பிட வர்றேன். சத்தம் இருக்கக் கூடாது. புகை இருக்கக் கூடாது. பதினேழு விதியில ஒண்ணுகூட மீறக் கூடாது. ஆட்டம் முடியறப்போ சரியா மூணு விசில் ஊதுவேன். சோறு நல்லா இருந்தா கையெழுத்து. இல்லேன்னா அன்னிக்கே பெட்டி.”

அந்த ஒரு வாரம் மூணு பேரும் சரியாத் தூங்கலை. சனிக்கிழமை கடைசி ஆலோசனை.

“போன வாரம் நம்ம செஞ்ச தப்பு என்ன? விசில் இருக்கா இல்லையான்னு நேர்ல போய்ப் பாக்கலை.”

“அப்பம் நாளைக்கு மைதானத்துக்கே போயிருவோம்.”

“ஒருத்தனுக்கு எண்ணிக்கை தப்பிரும். மூணு பேரும் போவோம். ஆளுக்கு ஒரு விசில்.”

“அடுப்பு?”

கோமதிநாயகம் விதித்தாளை விரல் வச்சுப் படிச்சான். “ஒம்பதாம் விதி. வீட்டில் ஆள் இல்லாதபோது அடுப்பு எரியக் கூடாது.” கொஞ்சம் யோசிச்சான். “சரி, எரிய விடாண்டாம். குக்கரை மட்டும் மேல வச்சிட்டுப் போவோம்.”

இது எதுவும் எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா நானே ஒரு பானைச் சோத்தோட போயிருப்பேன்.

ஞாயிறு மதியம் நான் போனப்போ மேஜையில தட்டு, தயிர், புளியங்குடி எலுமிச்சங்காய் ஊறுகாய் எல்லாம் தயார். மூணு பேரும் மைதானத்திலிருந்து மூக்கு சிவக்கத் திரும்பியிருந்தாங்க. ரோஸ்விதா அம்மா நடுவர் உடுப்போடயே வந்து உட்கார்ந்தாங்க. இசக்கிராஜ் குக்கரைக் கொண்டுவந்து மூடியைத் திறந்தான்.

ஆவி வரலை. எட்டிப் பார்த்தேன். தண்ணிக்கு அடியில அரிசி அரிசியாவே கிடக்குது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லுன்னு இருக்குது.

“டேய், இது வேகவே இல்லைடா!” என்று பல்லைக் கடிச்சேன்.

“என்னக்கா சொல்லுதிய? மூணு விசிலும் எங்க காதால கேட்டோம். நான் ஒண்ணு, இவன் ஒண்ணு, அவன் ஒண்ணு,” என்றான் கோமதிநாயகம்.

அஞ்சு தட்டுல அகப்பையால அள்ளி வச்சாங்க. எனக்கும் ஒரு தட்டு. ரோஸ்விதா அம்மா தயிரும் ஊறுகாயும் சேர்த்து ஒரு கரண்டி வாயில போட்டாங்க. கறுக்... முறுக்... கறுக்... அந்த அறையில வேற சத்தமே இல்லை. கோமதிநாயகம் உதட்டுக்குள்ள சாமி கும்பிட்டுக்கிட்டிருந்தான். நானும் அவனோட பேனரை நினைச்சுக்கிட்டு ஒரு வாய் கடிச்சேன். கடைவாய்ப் பல் ஒண்ணு ஆடிப்போச்சு.

அந்தம்மா மெல்ல மென்னு முழுங்கினாங்க. எழுந்து போய்க் கூரையைப் பார்த்தாங்க. புகை இல்லை. அடுப்பைத் தொட்டுப் பார்த்தாங்க. சுத்தமா, சில்லுன்னு இருந்தது. அடுத்த வீட்டுச் சுவர்ல காதை வச்சாங்க. யாரும் திட்டலை.

“சத்தம் இல்லை. புகை இல்லை. கறை இல்லை. வாடைகூட இல்லை,” என்றாங்க. “சோறு நல்ல உறுதியா இருக்கு. இந்தியச் சாப்பாடு கொழகொழன்னு இருக்கும்னு யாரோ என்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க.”

கையெழுத்துப் போட்டுட்டாங்க! கோமதிநாயகம் அங்கயே அப்பாவுக்குப் போன் போட்டான். “எப்பா! பேனரை இறக்காண்டாம்! கிழிஞ்சா புதுசு அடிங்க!” என்று கத்தப் போனவன், பதினோராம் விதி ஞாபகம் வந்து, வாயை மட்டும் அசைச்சு அதைச் சொன்னான். அந்தப் பக்கத்துல அப்பா ‘அலோ, அலோ’ன்னே இருந்தார்.

போறப்போ ரோஸ்விதா அம்மா செய்முறை கேட்டாங்க. இசக்கிராஜ் சொன்னான். “ஒரு டம்ளர் அரிசி, ரெண்டரை டம்ளர் தண்ணி, மூணு விசில்.” அப்படியே எழுதிக்கிட்டாங்க.

புதன்கிழமை மதியம் அந்தம்மாவே எனக்குப் போன் பண்ணி உடனே வரச் சொன்னாங்க. பதறிப் போய் மாடி ஏறினேன். சாப்பாட்டு மேஜை நடுவுல ஒரு கண்ணாடிக் கிண்ணம். அதுல அரிசியும் தண்ணியும். பக்கத்துல முழு நடுவர் உடுப்புல ரோஸ்விதா அம்மா. சுவரோரமா மூணு பேரும் கை கட்டி மரியாதையா நிக்கிறாங்க.

“இப்பதான் மூணு ஊதி முடிச்சேன்,” என்று ஒரு கரண்டி அள்ளி என் வாயில வச்சாங்க. கறுக்குன்னுது. “பார்த்தீங்களா, அச்சு அசல் இவங்க செஞ்ச மாதிரியே வந்திருக்கு! ஒரே ஒரு சந்தேகம் கேட்கத்தான் கூப்பிட்டேன். உப்பு, விசிலுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள கோமதிநாயகம் ஒரு அடி முன்னாடி வந்து, தொண்டையைச் செருமிக்கிட்டான்.

“ரெண்டாவது விசிலுக்கு அப்புறம்மா.”

“அடடா!” என்று தலையில அடிச்சுக்கிட்ட ரோஸ்விதா அம்மா, கிண்ணத்து அரிசியைக் கொட்டிட்டு, புது அரிசி போட்டு, தண்ணி ஊத்தி, விசிலை மறுபடி வாயில வச்சாங்க.