விளாம்பழத்தில் தெரிந்த பௌர்ணமி

மருதகிரி நாட்டை முன்னொரு காலத்தில் சிங்கமகுடர் என்றொரு ராஜா ஆண்டார். அவருக்குக் கேள்வி கேட்கிற வியாதி. வாயில் போட்ட வெற்றிலை சக்கையாவதற்குள் பதில் வந்தாக வேண்டும். வராவிட்டால் எதிரே நிற்பவர் பாடு திண்டாட்டம்தான்.

அரண்மனைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் சாத்தையா அன்று காலை அந்தத் திண்டாட்டத்தில் நின்றார். மாட்டிவிட்டவர் ஆஸ்தான பண்டிதர் திரிவிக்கிரமர். "மகாராஜா, இந்த ஆள் மோர்ச்சட்டியையும் பழத்தையும் காட்டி வானசாஸ்திரம் நடத்துகிறார். சாஸ்திரத்தின் மானம் போகிறது!" என்று கோள் மூட்டியிருந்தார்.

"நிலா ஏன் தேய்கிறது, ஏன் வளர்கிறது? இருவரும் சொல்லுங்கள். தோற்றவர் நாட்டைவிட்டே போகவேண்டியதுதான்," என்று ராஜா வெற்றிலையை மடித்தார்.

பண்டிதர் முந்திக்கொண்டார். "சந்திர பிம்பத்தின் பிரகாச அப்பிரகாச பாகங்களின் திருக்கோண பேதத்தால்..." மூன்று வெற்றிலை சக்கையாயிற்று, பேச்சு நிற்கவில்லை. ராஜா தலையாட்டினார். ராஜா ஆட்டியதால் சபையும் ஆட்டியது. சாத்தையா பண்டிதரை ஏற இறங்கப் பார்த்தார். தான் நாட்டைவிட்டுப் போனால் போகட்டும், பிள்ளைகளை இந்த மனிதரிடமா விட்டுப்போவது?

"மகாராஜாவுக்குப் புரிந்துவிட்டதா?" என்று கேட்டார்.

"பேஷாக!"

"அப்படியானால் அதைச் சமையற்கட்டுப் பேச்சியம்மாளிடம் ஒரே வரியில் சொல்லிவிடுங்கள். நான் இப்போதே மூட்டை கட்டுகிறேன்."

பச்சடிக்கு வைத்திருந்த விளாம்பழக் கூடையோடு பேச்சியம்மாள் வந்து நின்றாள். "சொல்லுங்க சாமி, எனக்கும் ரொம்ப நாளா இந்தச் சந்தேகம்."

ராஜா வாயைத் திறந்தார். வெற்றிலைச் சாறுதான் வந்தது. "இப்போது நீர் சொல்லும்!" என்று வாத்தியார்மேல் பாய்ந்தார்.

"நான் சொல்லப்போவதில்லை, மகாராஜா. நீங்களே பார்க்கப்போகிறீர்கள்." சாத்தையா ராஜாவை முற்றத்து இளவெயிலுக்கு அழைத்துப்போய், கையில் ஒரு விளாம்பழத்தைக் கொடுத்தார். "உங்கள் தலைதான் பூமி, இதுதான் நிலா. கையை நீட்டிச் சூரியன் பக்கம் பிடியுங்கள். பழம் எப்படி?"

"என் பக்கம் இருட்டு."

"அமாவாசை. அப்படியே மெல்லத் திரும்புங்கள்."

"ஓரத்தில் கீற்று... அட, பாதி வெளிச்சம்!"

"வெயிலுக்கு முதுகைக் காட்டி, பழத்தைத் தலைக்குமேல் பிடியுங்கள்."

"பௌர்ணமி!" என்று கத்திவிட்டார் ராஜா. நிற்கவில்லை. கிரீடம் சரியச் சரியச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் கை வலித்துத் தாழ்ந்தது. "ஐயோ, என் பௌர்ணமி எங்கே?"

"உங்கள் தலைநிழல் அதன்மேல் விழுந்துவிட்டது. பூமியின் நிழல் நிலாமேல் விழுந்தால் அதுதான் சந்திர கிரகணம்."

ராஜா பேச்சியம்மாளிடம் ஓடினார். "வெயில் எப்போதும் பாதிப் பழத்தில்தான் அடிக்கிறது, பேச்சி. நம் கண்ணுக்கு அதில் எவ்வளவு தெரிகிறதோ அதுதான் பிறை!" அவர் வாயில் வெற்றிலை இன்னும் சக்கையாகவில்லை.

"இவ்வளவுதானா சாமி!" என்றாள் அவள்.

"பண்டிதரே, கிளம்பும்!" என்று ராஜா திரும்பினார். பண்டிதரைக் காணோம். முற்றத்து மூலையில், கையில் விளாம்பழத்தோடு, அவர் தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது.

"முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தேன், வாத்தியாரையா. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்."

சாத்தையாவுக்குக் கோபமெல்லாம் போய்விட்டது. "இவரை நாடு கடத்த வேண்டாம், மகாராஜா. என் வகுப்பில் முன்வரிசையில் ஒரு இடம் கொடுத்தால் போதும்."

"இரண்டு இடமாகப் போடும்," என்றார் ராஜா. "எனக்கு மழையைப் பற்றி ஒரு சந்தேகம் இருக்கிறது."

அன்றைக்கு அரண்மனையில் பச்சடி கிடையாது. சபையிலிருந்த அத்தனை பேரும் ஆளுக்கொரு நிலாவைக் கையில் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டிருந்தார்கள்.