கம்பு இல்லாத பந்தல்

ஓணாங்குடி எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால், "நாங்க இருக்கிற இடத்துலதாங்க இருக்கு" என்று பொறுமையாகச் சொல்வார்கள். பொய் சொல்லத் தெரியாத சனங்கள்.

அந்த ஊரில் பந்தல் போடுகிற ஏழு பேர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். தலைவர் சங்கிலி. எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் பூவலிங்கம், ஆகவே அவர் செயலாளர். மற்றவர்களுக்கு எழுதத் தெரியாததால் அவர் எழுதியது சரியா என்று யாருக்கும் தெரியாது, அந்த வகையில் சங்கத்துக்குள் சண்டை சச்சரவே கிடையாது.

ஆனால் பந்தல்தான் நிற்கவில்லை. ஆறு மாதத்தில் மூன்று பந்தல்கள் விழுந்திருந்தன. மூன்றாவது பந்தல், விசேஷம் முடிந்து இவர்கள் அவிழ்க்கப் போவதற்குள் தானாகவே விழுந்து வேலையை மிச்சம் பிடித்துக் கொடுத்ததாகச் சங்கத்தில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள்.

இந்தச் சங்கத்தைத் தூக்கி நிறுத்த முதலில் ஒரு அதிகாரி வந்தார். தரையில் சுண்ணாம்பால் நாலு கட்டம் போட்டு, பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து என்று பெயர் வைத்தார். "உங்ககிட்ட இருக்கிறதை எல்லாம் பிரிச்சு, எது எதுல வருதோ அதுல போடுங்க. புதன்கிழமை வந்து பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இவர்களும் பிரித்தார்கள். பலத்தில் கடப்பாரையைப் போட்டார்கள். பலவீனத்தில் சோணையை உட்கார வைத்தார்கள், அவனுக்கு முதுகுவலி. வாய்ப்பில் போட ஒன்றும் கிடைக்கவில்லை, அதைக் கூட்டிச் சுத்தமாக வைத்தார்கள். ஆபத்தில், மேலத்தெருவில் எல்லாரையும் முட்டித் தள்ளும் காளையைப் பிடித்துக்கொண்டு வந்து கட்டினார்கள். புதன்கிழமை அதிகாரி வந்து பார்த்தபோது சோணை தன் கட்டத்தைவிட்டு நகராமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காளை மட்டும் தன் கட்டத்தில் இல்லை. அது வாசலில், அதிகாரிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தது.

அதன்பிறகு அவர் வரவில்லை.

அடுத்து வந்தவர் மங்கையர்க்கரசி என்கிற அம்மாள். கட்டமெல்லாம் போடவில்லை. ஏழு பேரையும் வட்டமாக உட்கார வைத்து, தானும் தரையில் உட்கார்ந்து, சிரித்துப் பேசினார். எனக்கே அவரைப் பிடித்துத்தான் இருந்தது.

"அந்தப் பழைய முறையெல்லாம் வேணாம். குறையைத் தோண்டித் தோண்டிப் பார்த்தா மனசுதான் விட்டுப்போகும். குறையை விடுங்க, ஒவ்வொண்ணுலயும் என்ன நல்லது இருக்குன்னு பேசுங்க. எந்த முடிவுன்னாலும் எல்லாரையும் கேட்டு எடுங்க. மனுஷங்களை நடுவுல வச்சு யோசிங்க. ஒரு சங்கத்தைத் தாங்கி நிக்கிறது கம்பும் கயிறும் இல்ல, மனுஷங்கதான்."

பூவலிங்கம் ஒரு வார்த்தை விடாமல் எழுதிக்கொண்டார். அதுதான் வினை.

அந்த வாரமே அங்கம்மா வந்தாள். புருஷன் போனபின் தனியாளாக நின்று மகள் தவமணியை வளர்த்தவள். முத்தலாபுரத்தில் மாப்பிள்ளை பார்த்து, வெள்ளிக்கிழமை கல்யாணம். வீட்டு வாசலில் பந்தல் வேண்டும்.

"மாப்பிள்ளை வீட்டாளுக டவுன்ல இரும்புக் குழாய்ப் பந்தக்காரன் ஒருத்தனைச் சொன்னாக. நான்தான், நம்ம ஊர்ப் பயலுக பொழைக்கட்டும்னு உங்ககிட்ட வந்தேன். தாலி கட்டுறவரைக்கும் பந்தல் நிக்கணும், சங்கிலி. விழுந்துச்சுன்னா என் மானம் போயிரும். உங்க சங்கத்தையும் இழுத்து மூடிரு. இனிமே நம்ம ஊர் விசேஷம் எல்லாம் அந்தக் குழாய்க்காரனுக்குத்தான்."

சங்கிலி உடனே சங்கத்தைக் கூட்டினார். பந்தலுக்குப் பன்னிரண்டு கம்பு வேண்டும், கிடங்கில் முப்பது சவுக்குக் கம்பு இருந்தது. அம்மாள் சொன்னபடி ஒவ்வொரு கம்பிலும் என்ன நல்லது என்று பேசி, அதிக நல்லது உள்ள பன்னிரண்டை எடுப்பது என்று முடிவானது.

முதல் கம்பை எடுத்தார்கள். நேரான, கனமான கம்பு.

"இது உடையாது" என்றான் சோணை.

"சரி. வேற?"

எல்லாரும் கம்பைச் சுற்றி நடந்து பார்த்தார்கள். வேறு ஒன்றும் தோன்றவில்லை.

"ஒரே ஒரு நல்லதுதானா?" என்று சங்கிலி வருத்தப்பட்டார். "ஓரமா வைங்கப்பா."

அடுத்தது உளுத்த கம்பு. இதில் குறை பேசக் கூடாது என்பதால் எல்லாரும் மூளையைக் கசக்கினார்கள்.

"எடை இல்ல. ஒத்தைக் கையால தூக்கலாம்."

"கரையானுக்குச் சோறு போடுது."

"உள்ள ஓட்டை இருக்கு, காத்தோட்டம்."

"மேல விழுந்தாலும் வலிக்காது" என்றான் கோச்சடை. அவன்தான் சங்கத்திலேயே உயரமானவன், எது விழுந்தாலும் முதலில் அவன் தலையில்தான் விழும். ஆகவே அதை இரண்டு நல்லதாகக் கணக்கு வைத்தார்கள்.

இப்படியாக உளுத்த கம்புகள் பன்னிரண்டும் தேர்வாயின. நல்ல கம்புகள் பதினெட்டும் கிடங்கிலேயே படுத்துக்கொண்டன.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அங்கம்மா வாசலில் குழி தோண்டி முதல் கம்பை நட்டார்கள். அது நட்ட கையோடு இரண்டாக ஒடிந்தது. இரண்டாவதும் அப்படியே. பன்னிரண்டாவது கம்பு நடுவதற்கு முன்பே, சோணை தோளில் இருந்தபடியே பொடியாகி அவன் சட்டைக்குள் இறங்கியது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டார் வேன் தெருமுனைக்கு வந்துவிட்டது.

"செயலாளரே, அம்மா சொன்னதை ஒருதரம் படிங்க" என்றார் சங்கிலி.

பூவலிங்கம் நோட்டைப் பிரித்தார். "தாங்கி நிக்கிறது கம்பும் கயிறும் இல்ல, மனுஷங்கதான்."

ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆறு மாதமாகப் பந்தல் ஏன் விழுந்துகொண்டிருந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் கம்பை நட்டிருக்கிறார்கள்.

பந்தல் துணியை விரித்து, ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்துக் கையை உயர்த்தினார்கள். நடுவில் தொங்கியது. "மனுஷங்களை நடுவுல வைக்கணும்" என்று பூவலிங்கம் ஞாபகப்படுத்த, கோச்சடையை நடுவில் முக்காலி போட்டு ஏற்றித் தலையால் முட்டுக் கொடுக்கச் சொன்னார்கள். பந்தல் எழுந்து நின்றது. ஓரத்துக்கு இன்னும் ஆறு ஆள்தான் குறைந்தது.

வேனிலிருந்து முதலில் இறங்கியவர் மாப்பிள்ளையின் தாய்மாமன் குருவய்யா. குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே முதல் சீட்டில் உட்கார்ந்து வந்தவர். "என்னய்யா பந்தல் இது, கம்பையே காணோம்?" என்று ஆரம்பித்தார்.

"குறை பேசக் கூடாதுங்க. நல்லதைச் சொல்லிக்கிட்டே இந்த மூலையைப் பிடிங்க" என்றார் சங்கிலி.

அவர் பிடித்துவிட்டார். அப்படித்தான் ஆனது, ஏன் பிடித்தார் என்று பிற்பாடு அவருக்கே தெரியவில்லை. அவர் பிடித்ததைப் பார்த்து, அது மாப்பிள்ளை ஊர் வழக்கம்போல என்று எண்ணி உள்ளூர்க்காரர்கள் இன்னும் ஐந்து பேர் பிடித்தார்கள்.

சற்று நேரத்தில் சோணை காதில் கொசு உட்கார்ந்தது.

"அண்ணே, கொசு கடிக்குது. ஒரு கையை எடுத்துக்கிறவா?"

"எல்லாரையும் கேட்கணும்ல" என்றார் சங்கிலி.

கேள்வி ஓரம் பிடித்த பன்னிரண்டு பேரையும் சுற்றி வந்தது. குருவய்யா மட்டும், எந்தக் கை என்று விவரம் கேட்டார். இடது கை என்று பதில் போய், சம்மதம் திரும்பி வருவதற்குள் கொசு சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டது. வாங்கின சம்மதத்தை அடுத்த கொசுவுக்கு வைத்துக்கொள்ளலாமா என்று ஒரு விவாதம் நடந்தது. அது வேறு கொசு என்பதால் வேறு சம்மதம்தான் வாங்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள்.

மணவறையில் மாப்பிள்ளையும் பொண்ணும் வந்து உட்கார்ந்தார்கள். ஐயர் ஓமம் வளர்த்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போது சமையல்காரர், பலகாரப் பந்தி தயார் என்று குரல் கொடுத்தார். இட்லி வாசனைக்குச் சனம் மொத்தமும் எழுந்து, பக்கத்துக் காலியிடத்தில் இலை போட்டிருந்த பக்கம் நகர்ந்தது.

பந்தலுக்குக் கீழே நாலைந்து பேர்தான் மிச்சம்.

"அண்ணே, மனுஷங்க அங்க போறாங்களே" என்றார் பூவலிங்கம் கவலையாக.

"அப்ப நாம இங்க என்ன பண்றோம்?" என்றார் சங்கிலி. சுற்றிக் கேட்டார்கள். பன்னிரண்டு பேருக்கும் பசி, ஒருவர்கூட மறுக்கவில்லை. கோச்சடை முக்காலியிலிருந்து இறங்கி, அதைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முட்டுக் கொடுத்தபடி நடந்தான். பந்தல் சனத்தோடு சேர்ந்து பந்திக்குப் போய்விட்டது.

மணவறை மொட்டை வெயிலில் கிடந்தது. தவமணி முகத்தில் வியர்வை வழிந்து பொட்டு கரைந்தது. ஐயர் ஒருமுறை வானத்தைப் பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். அங்கம்மாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

"ஏய் சங்கிலி, கொண்டாடா பந்தலை" என்று ஓடினாள்.

"கொண்டாரோம் அக்கா. எல்லாரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம்."

பந்தியில் இருந்தவர்களையும் சேர்த்துக் கேட்டார்கள். அறுபது பேர், இலையில் இட்லி இருக்கும்போது நிழல் எங்கேயும் போகக் கூடாது என்றார்கள். முகூர்த்தம் முடிய ஐந்து நிமிடம். அங்கம்மா கண்ணைத் துடைத்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். ஒரு கையில் மகளையும் மறு கையில் மாப்பிள்ளையையும் பிடித்து இழுத்துக்கொண்டு பந்திக்கு ஓடினாள். பின்னாலேயே ஐயர், மேளக்காரர்கள், தாலித் தட்டு.

சாம்பார் வாளிக்கும் சட்னித் தூக்குக்கும் நடுவே மாப்பிள்ளை தாலியை எடுத்தார். கெட்டிமேளம் முழங்கியது. எல்லாரும் அட்சதையை எடுத்தார்கள்.

அப்போதுதான் சங்கிலிக்கு ஒன்று உறைத்தது. பந்தலைப் பிடித்திருக்கிற கையால் அட்சதை போட முடியாது. போடாமல் இருந்தால் பொண்ணுக்கு ஆகாது. போட்டால் பந்தல் தாலி மேலேயே விழும். எல்லாரையும் கேட்க நேரமில்லை. சங்கிலி வாயைப் பிளந்தார். அவருக்குச் சொல்ல வந்தது வேறாக இருக்கலாம், ஆனால் பக்கத்தில் இருந்த ஒரு பெண், புரிந்துகொண்டு, ஒரு பிடி அட்சதையை அவர் வாயில் போட்டாள். மற்ற பதினொருவரும் வாயைத் திறந்தார்கள். மூன்று முடிச்சும் விழ, பன்னிரண்டு பேரும் ஃபூ என்று ஊதினார்கள். குருவய்யா ஊதியது இரண்டு இலை தாண்டிப் போய் விழுந்ததாகச் சொல்கிறார்கள்.

தாலி ஏறிவிட்டது. பந்தல் நின்றது. அங்கம்மா சங்கிலியைத் திட்டுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். "போதும் சாமி, இறக்குங்க" என்றாள்.

இறக்கலாமா என்று சுற்றிக் கேட்டார்கள். பதினொரு பேர் சரி என்றார்கள்.

"நான் ஒத்துக்க மாட்டேன்" என்றார் குருவய்யா. "பொண்ணு மாப்பிள்ளையை இப்ப எங்க ஊருக்குக் கூட்டிட்டுப் போகணும். ரெண்டு மைலு. இந்த வெயில்ல வேன் கூரை தகிக்கும். நிழல்லயே நடந்து போயிரலாம்."

ஒருவர் மறுத்தாலும் முடிவில்லை. பந்தல் கிளம்பியது. முன்னால் மேளம், நடுவில் பொண்ணும் மாப்பிள்ளையும், பின்னால் காலி வேன். எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. வழியில் வயலில் களை எடுத்தவர்கள் சிலர் நிழலுக்காகக் கொஞ்ச தூரம் உள்ளே நடந்துவிட்டுத் திரும்பினார்கள்.

முத்தலாபுரம் வந்தது. மாப்பிள்ளை வீட்டு வாசலில் டவுன் ஆள் போட்ட இரும்புக் குழாய்ப் பந்தல் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. உயரமாக, ஜாலரும் சீரியல் லைட்டுமாக. அந்தக் குழாய்க்காரன் குழாயில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

இவர்கள் வாசலில் நின்று சுற்றிக் கேட்டார்கள். அங்கேயும் இறக்குவதற்குக் குருவய்யா சம்மதிக்கவில்லை. கை மரத்துப்போய், இனி இறக்கினால் வலிக்கும் என்றார். ஆகவே பன்னிரண்டு பேரும் தங்கள் பந்தலைத் தூக்கிப் பிடித்தபடியே, குழாய்ப் பந்தலுக்கு அடியில் போய் வரிசையாக நின்றார்கள்.

குழாய்க்காரன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "என்னண்ணே இது?" என்றான்.

சங்கிலி அந்த இரும்புக் குழாய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்றில்கூட ஒரு மனுஷன் இல்லை. அவருக்கு அந்தப் பையன்மேல் இரக்கம் வந்தது.

"பயப்படாத தம்பி" என்றார். "உன் பந்தல் விழுந்தா, கீழ நாங்க இருக்கோம்."