சிட்டுக்கு நிழல் தந்த கல்

அந்தக் காலத்தில் வால்நட்சத்திரத்துக்கு வால் கிடையாது. அந்தப் பெயரும் கிடையாது. அடுப்பில் அணைந்த கரித்துண்டு போல ஒரு கறுப்புக் கல், அவ்வளவுதான். வெளிச்சம் எட்டாத தொலைவிலிருந்து தனியாக வரும், சூரியனை ஒருமுறை சுற்றும், திரும்பிப் போய்விடும். கல்லும் கருவியும்கூடப் பேசிக்கொண்ட காலம் அது. ஆனாலும் அந்தக் கல்லிடம் பேசத்தான் ஆளில்லை.

கீழே ஒரு கடற்கரை ஊரில் வானத்தைப் படமெடுப்பவர்கள் இருந்தார்கள். அவர்களில் ஜெசிந்தா என்ற பெண், தன் படங்களில் ஒரு புள்ளி மட்டும் இடம் மாறிக்கொண்டே வருவதைக் கவனித்தாள். அதைப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஆசை வந்தது. அவளும் அவளோடு வேலை செய்த செய்யது அண்ணனும் சேர்ந்து ஒரு சின்ன விண்கலம் செய்தார்கள். அதன் நெற்றியில் ஒரே ஒரு கேமரா. சிட்டு என்று பெயர் வைத்தார்கள். சிட்டின் கண்ணுக்குத் தகட்டில் ஓர் இமை உண்டு. கீழிருந்து "திற" என்றால் திறக்கும், "மூடு" என்றால் மூடும். தானாக மூடத் தெரியாது.

"வழியில வேடிக்கை பாத்துக்கிட்டு நிக்காதே," என்றாள் ஜெசிந்தா.

"வேடிக்கை பாக்கத்தானே அக்கா என்னை அனுப்புறீங்க?" என்றது சிட்டு.

செய்யது சிரித்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "சூரியனை மட்டும் நேருக்கு நேர் பாத்துடாதே. ஒரு தடவை பாத்தாலும் கண்ணு போயிடும்," என்றார்.

நெடுந்தொலைவு பறந்து சிட்டு கல்லின் அருகே போய்ச் சேர்ந்தது.

"யாருடா நீ, ஒத்தைக்கண்ணா? வழி தவறிட்டியா?" என்றது கல்.

"இல்லக்கா. உங்களைப் பாக்கத்தான் வந்தேன்."

"என்னையா? குண்டும் குழியுமா கறுத்துக் கிடக்கேன். என்கிட்ட என்னடா இருக்கு?"

"அந்தப் பள்ளத்துக்குள்ள பனி மின்னுது. கொஞ்சம் அப்படியே இருங்களேன்."

"நான் எங்கே நிக்கிறது? ஓடிக்கிட்டே இருக்கிற பிறவி." அப்படிச் சொன்னாலும் கல் தன்னால் முடிந்தவரை மெதுவாகவே புரண்டது. கொஞ்சம் இரு என்று அதனிடம் அதுவரை யாரும் கேட்டதில்லை.

அங்கிருந்து ஒரு படம் கீழே வந்துசேர, ஓர் உலை அரிசி வேகும் நேரம் ஆகும். கீழிருந்து ஒரு சொல் போய்ச்சேரவும் அதே நேரம். வெயில் படும் பக்கம் முழுவதையும் படமெடுத்த பிறகு, சிட்டு கல்லின் நிழலுக்குள் புகுந்து அதன் முதுகைப் பார்த்தது. நட்சத்திர வெளிச்சம் மட்டுமே இருந்ததால், ஒவ்வொரு படத்துக்கும் வெகுநேரம் கண் விழித்திருக்க வேண்டியிருந்தது.

முதுகுப் படம் வந்ததும் செய்யது, "போதும்மா, மூடச் சொல்லிடு. கல்லு நகருது, நிழலும் கூடவே நகரும்," என்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு அண்ணே. இந்த ஓரம் கலங்கியிருக்கு."

"கல்யாண வீட்டு போட்டோக்காரர் மாதிரியே பேசுறே."

ஜெசிந்தா "இன்னும் ஒன்று" என்று சொல்லி அனுப்பினாள்.

அடுத்து வந்த படத்தில் கல்லின் விளிம்பில் நூல் போல ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. சூரியன் எட்டிப் பார்க்கத் தொடங்கிவிட்டது. "மூடு!" என்று அவள் கத்தினாள். அந்தப் படம் கிளம்பியே ஓர் உலை நேரம் ஆகியிருந்தது. அந்தச் சொல் போய்ச்சேர இன்னோர் உலை நேரம் வேண்டும். "என் பேராசையால பிள்ளை கண்ணு போச்சே அண்ணே," என்று அவள் மேசையில் தலை கவிழ்ந்தாள்.

அந்த வெள்ளைக் கோடு தெரிந்தபோதே, மேலே சிட்டு கல்லிடம் சிணுங்கியது. "அக்கா, கண்ணு கூசுது."

"மூடிக்கோயேன்டா!"

"கீழேருந்து சொன்னாத்தான் மூடுவேன். இன்னும் சொல்லலை."

கல் பதறிப்போய்ச் சூரியனிடம் கேட்டது: "ஐயா, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோங்களேன். சின்னப் பையன் நிக்கிறான்."

"திரும்பிக்குவேன் தாயி. ஆனா எனக்கு முதுகே கிடையாதே," என்றது சூரியன். "எந்தப் பக்கம் திரும்பினாலும் முகம்தான்."

கல்லிடம் இருந்ததெல்லாம் உள்ளே சேர்த்து வைத்த பனி மட்டும்தான். அந்தப் பனிதான் அதன் கரித்தூளையெல்லாம் ஒட்டிப் பிடித்து ஒரு கல்லாக வைத்திருந்தது. பனி போகப் போகத் தானும் உதிர்ந்துவிடும் என்று அதற்குத் தெரியும். தெரிந்தேதான் அது தன் பள்ளத்தைச் சூரியன் பக்கம் திருப்பிக் காட்டியது.

வெயில் பட்டதும் பனி புகையாகவும் புழுதியாகவும் சீறி எழுந்தது. சூரியனின் மூச்சு அதைப் பின்னால் தள்ளியது. கைப்பிள்ளையோடு வெயிலில் நடப்பவள் தன் முந்தானையை இழுத்து அதன் தலைமேல் போடுவதுபோல, அந்த வெண்புகை சிட்டின் மேல் விரிந்தது.

"அக்கா, உங்ககிட்டேருந்து என்னமோ பிரிஞ்சு போகுது."

"போகட்டும். நீ என்னையே பாரு."

"வலிக்குதா?"

"இல்லடா. சிலுசிலுன்னு இருக்கு."

கடைசியில் "மூடு" என்ற சொல் வந்துசேர்ந்தது. இமை மூடியது.

கலத்தை நகர்த்திக் கல்லின் வெயில் பக்கம் கொண்டுவந்து, சூரியனுக்கு முதுகு காட்டித் திருப்பிய பிறகு, ஜெசிந்தா பயந்து பயந்து "திற" என்று அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். படம் வந்தது. நடுவே கறுப்புக் கல். அதைச் சுற்றி வெள்ளைப் பனிமூட்டம். அதிலிருந்து நீண்டு நீண்டு, படத்துக்கு வெளியேயும் போகும் ஒரு வெண்மை.

"கண்ணு இருக்கு அண்ணே!"

செய்யது மூக்கை உறிஞ்சிக்கொண்டார். வெளியே கடற்கரையில், வலை மடித்துக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நின்றார்கள். "ஏலே, அங்க பாரு! நட்சத்திரத்துக்கு வால் முளைச்சிருக்கு!"

மேலே சிட்டு சொன்னது: "போதும் அக்கா. எனக்கு ஒண்ணும் ஆகலை. நீங்க இளைச்சுட்டே போறீங்க, நிறுத்திடுங்க."

"அடுத்த தடவை நான் வரும்போது வேற யாராவது என்னைப் பாக்க வந்திருந்தா? அவங்களுக்கும் நிழல் வேணாமா?" என்றது கல்.

அன்று முதல்தான், சூரியனை நெருங்கும்போதெல்லாம் வால்நட்சத்திரம் தன் பனியைக் கொஞ்சம் இழந்து வால் விரிக்கிறது. வரும்போது வால் பின்னால் நீள்கிறது, திரும்பிப் போகும்போது முன்னால் நீள்கிறது. எப்படிப் போனாலும், சூரியனுக்கு மறுபக்கம், நிழல் தேவைப்படுகிற பக்கம்தான் அதன் வால் இருக்கும்.