வெள்ளேரியின் வரலாறு

வெள்ளேரி என்று ஒரு ஊர். பாதி ஊர் ஏரி, மீதி ஊர் தவளைச் சத்தம். அங்கே விளைகிற நெல்லெல்லாம் அந்த ஏரித் தண்ணியில்தான். அந்த ஊர்க்காரன் மாசிலாமணி, ராஜா குணதீரர் சபையில் வேடிக்கையாகப் பேசியே சோறு தின்கிறவன்.

தளவாய் வீரபத்திரருக்கு அவனைக் கண்டாலே ஆகாது. வெள்ளேரிக்கு வரலாறும் கிடையாது, பார்க்க ஒரு காட்சியும் கிடையாது, ஏரியைத் தூர்த்தால் பிரமாதமாக யானைக் கொட்டாரம் கட்டலாம் என்று ராஜா காதில் ஓதிவிட்டார். ராஜாவோ யானைப் பைத்தியம். பரிவாரத்தோடு கிளம்பி வந்தேவிட்டார். காட்சியும் வரலாறும் இருந்தால் ஏரி பிழைத்தது, இல்லையென்றால் மண்ணைக் கொட்ட வேண்டியதுதான் என்று கரையிலேயே உத்தரவு போட்டார்.

ஊர் ஜனம் மாசிலாமணியை முன்னே தள்ளிவிட்டது. அவனும் கரைப் பிள்ளையார், மதகு, நாரைக் கூட்டம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். யானை மேல் உட்கார்ந்திருந்த தளவாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கொட்டாவி விட்டார். யானை பாவம், காலையிலிருந்து வெயிலில் நடந்தது. தண்ணியைப் பார்த்தபிறகு பாகன் பேச்சைக் கேட்குமா? தளவாயோடு சேர்ந்து ஏரிக்குள் இறங்கிப் படுத்துக்கொண்டது. தளவாய் எழுந்தபோது தலைப்பாகையைக் காணோம், தலையில் அல்லிக்கொடி. ஊரே கரையில் கூடிவிட்டது.

மாசிலாமணி கைகட்டிக்கொண்டு சொன்னான்: "பார்க்க ஒன்றும் இல்லை என்று தளவாய் சொன்னாரே, மகாராஜா. இப்போது இருக்கிறதே."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஞாபகம் வந்தது.

"சரி, காட்சி ஆயிற்று. வரலாறு? வளவளவென்று இழுக்காதே, ஒரே வார்த்தையில் சொல்."

"நீங்களே சொல்லிவிட்டீர்களே மகாராஜா. வரலாறு."

"அதைத்தானப்பா கேட்கிறேன்."

"அதைத்தான் நானும் சொல்கிறேன். வெள்ளேரிப் பக்கம் ஆற்றைத் திருப்பிவிடுகிறேன் என்று உங்கள் பாட்டனார் வாக்குக் கொடுத்தார். நாங்களும் பார்த்தோம், பார்த்தோம்... வரல, ஆறு. அதனால் நாங்களே ஏரியை வெட்டிக்கொண்டோம்."

ராஜாவின் முகம் சுருங்கியது. பாட்டன் கொடுக்காமல் விட்ட தண்ணியைப் பேரன் பிடுங்கப் பார்த்தேனே என்று வெட்கமாகப் போயிற்று. அப்புறம் அந்த 'வரல, ஆறு' மண்டைக்குள் ஏறியது. குபீரென்று சிரித்தார். ஏரியை யாரும் தொடக்கூடாது என்றார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி மாசிலாமணிக்குப் போட்டார். அதோடு விட்டாரா? பாட்டனார் வாக்கை நான் காப்பாற்றுகிறேன், அடுத்த மாசமே ஆற்றைத் திருப்பிவிடுகிறேன் என்றார்.

மாசிலாமணி பதறிப்போனான்.

"ஐயையோ, வேண்டாம் மகாராஜா. ஆறு வந்துவிட்டால் எங்கள் ஊருக்கு வரலாறே இருக்காதே!"