காமாட்சியின் ஈயச் சூலம்

“துரை இறைச்சி குத்தித் திங்கிற முள்ளுக்கா பொட்டு வச்சிருக்கே, செம்பாயி?” என்று ஒருநாள் ஏகாம்பரப் பத்தர் கேட்டார். பட்டறையே சிரித்தது.

செம்பாயி அம்மையார் அரண்மனை வெள்ளிப் பட்டறையில் துருத்தி ஊதியவர். கணவர் இறந்தபின் அவர் இடத்தில் உட்கார்ந்தவர். விருந்துக்கு வரும் துரைமார்களுக்காக அங்கே கரண்டியும் கத்தியும் முள்கரண்டியும் செய்தார்கள். புது உருவம் எதையும் முதலில் ஈயத்தில் வார்த்துப் பார்ப்பது வழக்கம். அப்படி வார்த்த முள்கரண்டி ஒன்று கோணிப்போக, தலைமைத் தட்டாரான பத்தர் அதை அம்மையார் பக்கம் வீசியெறிந்தார். மூன்று முனைகளைக் கண்ட அம்மையாருக்கு அது காமாட்சியின் சூலமாகவே பட்டது. குடிசையில் மண்ணைக் குவித்து நட்டு, மஞ்சள் பூசி, கூழை அதற்குக் காட்டிய பிறகே தாம் உண்பார். கேலி செய்தவர்களிடம், “ஆத்தா இந்த வேசத்துல வந்தா நான் என்ன பண்ணட்டும்?” என்பார்.

பெரிய விருந்து நெருங்கியபோது வெள்ளி முள்கரண்டி ஒன்று குறைந்தது. மகளின் கொலுசுக்காக அதை உருக்கியவர் பத்தரே. சோதனையில் அகப்பட்டதோ மஞ்சளும் புகையும் படிந்த அம்மையாரின் சூலம். ஈயம் என்று அவர் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அரண்மனை மணியக்காரர் அதைப் பத்தரிடம் நீட்டினார். தொட்ட விரலுக்கே ஈயம் தெரிந்தது.

“வெள்ளிதான்” என்றார் பத்தர்.

அப்படியானால் கோணல் போக, தம் கண்முன்னே உருக்கி வேறு முள்கரண்டியாக வார்க்கும்படி மணியக்காரர் ஆணையிட்டார். பத்தருக்கு உயிரே போயிற்று. சூடு பட்டதும் ஈயம் இளகிவிடுமே, பொய் வெளிப்பட்டுவிடுமே! துருத்தி ஊத அம்மையாரையே உட்கார வைத்தார்கள். தம் தெய்வத்தை உருக்கும் தீயை அவர் தம் கையாலேயே ஊதினார்.

உருக்கும் மண்கிண்ணமான மூசையில் கிடந்த சூலம் இளகவில்லை. கரி வெளுக்க வெளுக்க ஊதிய பின்பே உருகியது. அச்சிலிருந்து எடுத்துத் தட்டியபோது கணீரென்றது.

“ஈயம் பாடுதாக்கும்” என்றார் மணியக்காரர். பட்டறை மறுபடி சிரித்தது. அத்தனை பேருக்கும் அது களவுக்குச் சாட்சி. அற்புதம் என்று அறிந்தவர் இருவரே.

அம்மையார் பத்தரை நோக்கிக் கைகூப்பினார். “உங்க சொல்லு பொய்யாகாம ஆத்தா காப்பாத்திட்டா, அய்யா.”

திருடி என்று அம்மையார் அரண்மனைக் கோட்டைக்கு வெளியே தள்ளப்பட்டார். அந்தப் பெயர் அவர் சாகும்வரை மாறவில்லை. தெய்வம் தந்த வெள்ளியைப் பழியாகவே சுமந்த அந்தத் தாயின் பாதம் நமக்குத் துணையாகட்டும்.

அன்று பத்தர் சுத்தியலைக் கீழே வைத்தார். புதிதாக வார்த்த முள்கரண்டிக்கு மெருகு போட ஏன் உட்காரவில்லை என்று மணியக்காரர் கேட்டார். பத்தர் பட்டறையை விட்டே போய்விட்டார்.